காற்றை எண்ணும் கம்பி

அந்த விளக்கை முதலில் வெயில் என்றுதான் நினைத்தேன். வத்தேகமவைத் தாண்டிப் பன்வில பக்கம் ஏறும்போது, மாலை வெயில் சில வளைவுகளில் நேராக வண்டிக்குள் வந்து விழும். மீற்றர் கண்ணாடியில் பட்டு மஞ்சளாக ஒரு துளி நிற்கும். அடுத்த வளைவில் கழன்றுவிடும். அன்றைக்கும் ஒரு துளி நின்றது. வண்டி வளைந்து திரும்பியது, வெயில் மலைக்குப் பின்னால் போனது, துளி போகவில்லை. இன்னொரு வளைவு. போகவில்லை. அதற்கடுத்த வளைவில் மூடுபனிக்குள் நுழைந்தோம். சவுக்கு மரங்கள் ஒவ்வொன்றாக மங்கி, பாதை மட்டும் கொஞ்ச தூரத்துக்குக் கிடந்தது. எல்லாம் வெள்ளையாகிப்போன அந்த இடத்தில் மஞ்சள் துளி முன்னைவிடத் தெளிவாக எரிந்தது. உற்றுப் பார்த்தால் அது சின்னதாக ஓர் என்ஜின் படம்.

பக்கத்தில் என் மனைவி கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"என்னங்க அது, புதுசா லைட்டு?" என்றாள், கண்ணைத் திறக்காமலே கேட்டதுபோல.

"வெயில் பட்டுத் தெரியுது."

"பனிக்குள்ள ஏதுங்க வெயில்?"

வீட்டு வாசல்வரை அந்தத் துளியை முன்னால் வைத்துக்கொண்டு, விளக்கேந்திப் போகிறவர்களைப் போல இரண்டு பேரும் பேசாமல் வந்து சேர்ந்தோம்.

அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன. வாரத்தில் இரண்டு நாள், புதனும் சனியும், கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். போகும்போது பேசிக்கொண்டே வருவாள். திரும்பும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பாள். பஸ்ஸில் நிற்க முடியாது. உட்கார இடம் கிடைத்தாலும் அந்தக் குலுக்கலும் நெரிசலும் தாங்காது. ஆகவே எங்களுக்கு இருப்பது இந்த வண்டி ஒன்றுதான். பழைய கெப். முன்னால் ஒரே நீள இருக்கை, மூன்று பேர் நெருங்கி உட்காரலாம். பின்னால் மிளகு மூட்டையும் வாழைக்குலையும் ஏற்றத் திறந்த தொட்டி. எங்களிடம் வரும்போதே அது இரண்டு கைகள் மாறி வந்தது. முன்கதவின் உள்பக்கம் யாரோ ஒரு குழந்தை ஒட்டிய பட்டாம்பூச்சிப் படம் இன்னும் இருக்கிறது. நாங்கள் அதைச் சுரண்டவில்லை.

கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கும் எங்கள் ஒரே மகள், இந்த வண்டியைப் பற்றி எங்களிடம் ஏற்கெனவே ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

"ரோட்டுல ஒரு தடவ நின்னுச்சுன்னா போதும்ப்பா. அந்த வாரமே வந்து ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துருவேன். இங்க ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்."

அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு வத்தளையின் வெயிலில் இருக்கிறது. சிறுநீரக வருத்தக்காரர்கள் நினைத்த அளவுக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. மனைவிக்கு ஒரு நாளைக்கு அனுமதித்தது மூன்று தேநீர்க் கோப்பை. தேநீரும் கஞ்சியும் மருந்து விழுங்கும் தண்ணீரும் எல்லாம் அந்த மூன்றுக்குள்தான். சென்ற வருடம் ஒரு மாதம் மகள் வீட்டில் இருந்து பார்த்தோம். மத்தியானத்துக்கு முன்னமே மூன்றும் முடிந்துவிடும். பிறகு இரவு வரைக்கும் தாகம். ஐஸ் கட்டி ஒன்றை நாக்கில் வைத்துக் கரையவிட்டபடி, மின்விசிறிக்குக் கீழே கதிரையில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால், குழாயைத் திறந்துவிட்டு மணிக்கட்டில் தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்னைக் கண்டதும் குழந்தை மாதிரி, "குடிக்கலங்க, சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றாள்.

இங்கே மலையில் அப்படி இல்லை. பின்கதவைத் திறந்தால் பனி முகத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். மூன்று கோப்பையில் சில நாள் அரைக் கோப்பை மிச்சம்கூட வைப்பாள். "பனியிலயே பாதித் தாகம் போயிருதுங்க" என்பாள். ஆகவே அந்த மஞ்சள் துளி எனக்கு வெறும் விளக்காகத் தெரியவில்லை. அவளுடைய தாகம் எங்கேயோ தூரத்தில் எரியத் தொடங்கியதைப் போல இருந்தது.

விளக்கோடு தயக்கமும் வந்தது. அதை எப்படிச் சொல்வது? கால் அழுத்துகிறது, வண்டிக்குக் கேட்கவில்லை. என்ஜின் சத்தம் ஒரு மூச்சு அளவுக்கு அப்படியே நிற்கும். ஏதோ பழைய ஞாபகம் வந்து நடுவழியில் நின்றுவிட்ட மனிதன் மாதிரி. பிறகு ஒரு குலுக்கல், ஒரு கறுப்புப் புகை, சரி போகலாம் என்பதுபோல ஏறத் தொடங்கும். அந்த ஒரு மூச்சுக்குள் எனக்கு எல்லாம் வந்துபோகும்: பின்னால் வரும் பஸ், பள்ளத்துப் பக்கம் உடைந்து கிடக்கும் மதில், வத்தளை.

நான் எதையும் எண்ணுகிறவன். நாவலப்பிட்டி புகையிரத நிலையத்தின் சரக்குச் சாலையில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன். மூட்டை எண்ணி எண்ணியே தலை நரைத்தது. வேலை போன பிறகும் எண்ணுவது போகவில்லை. தயக்கத்தையும் எண்ணினேன். வத்தேகமவிலிருந்து வீடுவரை நாற்பத்தொரு வளைவு. அதில் முதல் வாரம் ஏழு இடத்தில் தயங்கியது, அடுத்த வாரம் பதினொன்றில். இறக்கத்தில் இல்லை. மடவளைச் சமதரையிலும் இல்லை. மெதுவாக வந்து, கியர் குறைத்து, ஏற்றத்தில் மிதிக்கும்போது மட்டும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆனால் கண்டுபிடித்ததை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் உள்ளே இயந்திரத்தோடு படுத்திருக்கும் நேரமெல்லாம் நான் ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில், மாமர நிழலில் நின்ற கெப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். மேலேயிருந்து பூ கொட்டும். என்ஜின் ஓடவில்லை, ஆனாலும் என் காதுக்குள் அது ஓடும், நிற்கும், யோசிக்கும், ஓடும். சில சமயம் அப்படியே தூங்கிவிடுவேன். கனவிலும் அந்த வண்டிதான். பனிக்குள் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும், வீடு மட்டும் வராது.

அவள் தன் வழியில் வைத்தியம் தொடங்கினாள்.

எங்கள் வேதக் கோவிலில் செவ்வாய்க்கிழமை மாலை நவநாள் செபம். பூசை முடிந்ததும் புனிதரின் சுருவத்துக்கு முன்னால் எரிந்த விளக்கின் எண்ணெயைச் சாமியார் மந்திரித்துக் கொடுப்பார். பெண்கள் மருந்துப் போத்தலில் வாங்கிப் போவார்கள். மூட்டு வலி, சளி, பிள்ளையின் பரீட்சை, மிளகுக் கொடியின் வாட்டம், எல்லாவற்றுக்கும் அதுதான். எங்கள் கெப்புக்கும் அது புதிதல்ல. புதன்கிழமை காலை புறப்படுமுன், மனைவி விரலில் தொட்டு பொனட்டின் நெற்றியில் ஒரு சிலுவை போடுவாள். வெயிலில் அது காய்ந்து, தூசி ஒட்டி, எங்கள் வண்டிக்கு நெற்றியில் எப்போதும் கறுப்பாக ஒரு சிலுவை இருக்கும்.

விளக்கு வந்த பிறகு வந்த முதல் புதன்கிழமை, நெற்றியில் போட்டுவிட்டு அவள் நகரவில்லை.

"என்னங்க, வருத்தம் உள்ளுக்குத்தானே? வெளிய பூசி என்ன பிரயோசனம்? பொனட்டத் தொறங்க."

திறந்தேன்.

"இது எங்க மூச்சு விடுது?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. வண்டியோடு வந்த புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தவன் நான். முன்விளக்குக்குப் பின்னால் கறுப்புக் குழாய் ஒன்று வாயைத் திறந்துகொண்டு இருக்கும்; காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. காட்டினேன். காற்று இப்படி வந்து, இந்தப் பெட்டிக்குள் வடிகட்டி, இந்தக் குழாயில் போய் என்று விரலால் பாதையும் காட்டினேன்.

"இது வாயா மூக்கா?"

"மூக்குன்னு வச்சுக்கயேன்."

"சளி புடிச்ச புள்ளைக்கு மூக்குலயும் நெஞ்சுலயுந்தானே தடவுறோம்" என்று சொல்லி, ஒரு கரண்டி எண்ணெயை அந்த வாய்க்குள் மெதுவாக ஊற்றினாள். காலை வெளிச்சத்தில் அது நூல் மாதிரி இறங்கியது. கண்ணை மூடிச் செபித்தாள். நான் பொனட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய ஆறுதலாகத்தான் இருந்தது. அன்றைக்குத் தயக்கம் குறைந்த மாதிரியும் இருந்தது.

அதன் பிறகு புதனும் சனியும் தவறாமல் ஒரு கரண்டி.

இதற்கிடையில் அக்குறணைக்கும் போனேன். கட்டுகஸ்தோட்டையில் திரும்பி மாத்தளை வீதியில் ஏறினால், கடைகளுக்கு நடுவே உள்ளொடுங்கிய ஒரு கராஜ். அதன் முதலாளி எனக்குப் பல வருடப் பழக்கம். முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையில் நான் அவரை நானா என்பேன், அவர் என்னை ஐயா என்பார். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். ஒரு காதில் போனை வைத்துக்கொண்டே இன்னொரு காதால் என்ஜினைக் கேட்பார்.

"வாங்கொ ஐயா. எனத்த, லைட்டு பத்துதா? எங்கட ஊர்ல இப்ப எல்லா வண்டிலயும் பத்துது. சில ஆளுங்க அதுக்கு மேல கறுப்பு டேப் ஒட்டீக்கிறாங்க. பிரச்சினை முடிஞ்சி."

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த ஸ்கேனரைப் பார்த்தார்.

"மூணு எரர் கோட் காட்டுது. ஒண்ணு காத்துங்குது, ஒண்ணு டீசலுங்குது, ஒண்ணு டேர்போங்குது. மூணும் மூணு கதை."

"எது உண்மை நானா?"

"டீசல்தான். சந்தேகமே இல்ல. ஒங்கட மலைக்கு வார டீசல்ல பாதி தண்ணி ஈக்கிது ஐயா."

"ஏறும்போது மட்டுந்தான் தயங்குது. பதினொரு வளைவுல..."

"அதான் சொல்றேனே, டீசல்."

டீசல் வடிகட்டியை மாற்றினார். ஸ்கேனரில் எதையோ அழுத்தினார், விளக்கு அணைந்தது. அணைந்த இடத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அன்று கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே மகாவலி ஆறு தேங்கி நின்ற தேநீரைப் போல அசையாமல் கிடந்தது. அதன்மேல் வெள்ளைக் கொக்குகள் பறந்தன. எண்ணாமல் விட்டேன்.

விளக்கு பிறகு சில பயணம் வரவில்லை. வந்தபோது முன்னைவிட நன்றாக வேரூன்றி வந்தது. தயக்கம் இருபதைத் தாண்டியது. மனைவி எண்ணெயை இரண்டு கரண்டியாக்கினாள்.

"நானாவோட மருந்தையும் சேர்த்து நாமளே குடுத்துருவோங்க" என்றாள்.

ஒரு சனிக்கிழமை மாலை, திரும்பி வரும்போது, அது நடந்தது. எங்களுக்கு முன்னால் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தது. கொண்டை ஊசி வளைவில் அது நின்றது, நானும் நின்றேன். லொறி புறப்பட்டது. நான் மிதித்தேன். வண்டி யோசித்தது. வழக்கமான மூச்சு போனது, இன்னொரு மூச்சும் போனது. பிறகு என்ஜின் மெதுவாக, கோபமில்லாமல், அணைந்துபோனது. சுற்றிலும் ஒரே அமைதி. ஓடைச் சத்தம் கேட்டது. மனைவியின் உதடு வெளுத்திருந்தது.

"நின்னுருச்சாங்க?"

"கொஞ்சம் ஓய்வெடுக்குது."

"பொய் சொன்னா அழகாச் சொல்லுங்க."

மலையிலிருந்து வேலை முடிந்து இறங்கிய நான்கு பெண்கள் எங்களைக் கண்டு நின்றார்கள். பாதையோரம் முச்சக்கர வண்டியில் காத்திருந்தவரும் வந்தார். கெப்பைப் பின்னுக்கு உருளவிடாமல் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள்.

"ஐயா, நீங்க ஸ்டியரிங்க மட்டும் புடிங்க. கொழுந்து மூட்டைய விட இது லேசுதான்" என்றாள் ஒருத்தி.

"ஐயாவையும் சேர்த்தா?" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

சமதரைவரை தள்ளிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து வண்டி பற்றிக்கொண்டது. வீட்டுக் கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. தள்ளிய பெண்களில் ஒருத்தி எங்கள் மகளோடு ஒரே வகுப்பில் படித்தவள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"நின்னுச்சாப்பா?" என்றாள் மகள்.

"கொஞ்ச நேரந்தான்."

"வெள்ளிக்கிழம வர்றேன். சனிக்கிழம கிளினிக்க முடிச்சிட்டு ஞாயிறு கிளம்புறோம். அம்மாவோட உடுப்ப எடுத்து வைங்க."

மனைவி எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைய மூன்றாவது கோப்பையை இன்னும் குடிக்கவில்லை. அதை எடுத்து, ஒரு மிடறு மட்டும் குடித்து, மூடி வைத்தாள். இப்போதிருந்தே பழகிப் பார்க்கிறாள் என்று எனக்குப் பட்டது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மறுபடியும் அக்குறணைக்குப் போனோம். இந்தத் தடவை அவளும் வந்தாள். நான் நானாவிடம் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேனாம், விஷயத்தைச் சொல்வதில்லையாம்.

அவளைக் கண்டதும் நானா போனை வைத்துவிட்டுக் கதிரை எடுத்துப் போட்டார். நான் தயக்கக் கணக்கை ஆரம்பித்தேன். அவள் குறுக்கே புகுந்தாள்.

"தம்பி, இந்த வண்டி ஏறலன்னா என்னைய ஞாயித்துக்கிழம வத்தளைக்குக் கொண்டு போயிருவாங்க. அங்க எனக்குத் தண்ணி தவிக்கும். அவ்வளவுதான் விஷயம்."

நானா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பொனட்டைத் திறந்தார். ஸ்கேனரைச் செருகினார். அதே மூன்று கதை.

"சரி. இந்த முறை காத்துப் பக்கத்தால வருவோம்" என்று சொல்லிவிட்டு, காற்றுப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே குனிந்து நின்றார். மூக்கைச் சுருக்கினார்.

"எனத்த இது? ஐயா, நீங்க இதுக்குள்ள வடை சுட்டீங்களா?"

உள்ளே கடதாசி வடிகட்டி கறுத்து, ஊறி, மடிப்பெல்லாம் ஒட்டிக் கிடந்தது. கையால் எடுத்தபோது சொட்டியது. பொனட்டுக்கு மேலே தேங்காயெண்ணெய் மணமும், மெழுகுவர்த்தி மணமும், சாம்பிராணி மணமும் ஒன்றாக எழுந்தன. மாத்தளை வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்துப் போய்க்கொண்டிருந்தன. இந்தக் கராஜுக்குள் மட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வந்து நின்றது.

நான் கூரையைப் பார்த்தேன்.

"கோவில் எண்ணெய் தம்பி. மந்திரிச்சது" என்றாள் மனைவி.

"எத்தன போத்தல் அம்மா?"

"போத்தல்லாம் இல்ல. கரண்டிதான்."

நானா சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை; பக்கத்து டயரில் உட்கார்ந்து சிரித்தார்.

"எங்கட வாப்பாவும் லொறிக்கு தண்ணி ஓதித் தெளிப்பார். ஆனா வெளியால அம்மா, வெளியால. யாரு ஒங்களுக்கு இந்த ஓட்டையக் காட்டின?"

"இவருதான். நான் பாட்டுக்கு நெத்தியில பூசிக்கிட்டிருந்தேன். இவரு படிச்சவரு, சரியான எடமாப் பார்த்துக் காட்டுனாரு. புனிதர் மேல ஒரு குத்தமும் இல்ல. மூக்குல ஊத்துனா யாருக்குத்தான் இருமல் வராது?"

"அப்ப ஊத்தினது யாரு?" என்றேன்.

"பொனட்டப் புடிச்சிக்கிட்டு ஆமென் சொன்னது யாரு?"

நான் மறுபடியும் கூரையைப் பார்த்தேன்.

நானா எழுந்து, வடிகட்டிக்கு அப்பால் குழாயில் இருந்த ஒரு சென்சரைக் கழற்றிக் கொண்டுவந்தார். "நானும் மொதல்லயே இதத் தொறந்திருக்கோணும். டீசல் டீசல்னு பிடிவாதம் பிடிச்சிட்டேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சென்சரின் உள்ளே, தலைமயிரைவிட மெல்லிய ஒரு கம்பி. அதை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். கம்பியில் முதலில் விளக்கைக் கொண்டுவந்த பழைய தூசி கறுத்துக் கிடந்தது; அதன்மேல் எங்கள் எண்ணெய் தேன் நிறத்தில் படிந்து காய்ந்திருந்தது.

அந்தக் கம்பியின் வேலையை அவர் சொல்லக் கேட்டு, நான் அதை மறுபடியும் கையில் வாங்கிப் பார்த்தேன். ஓடும்போது அது சூடாக இருக்கும். உள்ளே போகிற காற்று அதைத் தொட்டுக் குளிரவைத்துக்கொண்டே போகும். எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு காற்று. அந்தக் கணக்கின்படிதான் என்ஜினுக்கு டீசல் அளந்து விடப்படுகிறது. தூசியும் எண்ணெயும் போர்த்திய கம்பி காற்றின் பாதியை உணரவில்லை. குறைத்து எண்ணியது. ஏற்றத்தில் வண்டி காற்றை நிறைய இழுக்கும்போதும் அது கொஞ்சந்தான் என்றது. கொஞ்சத்துக்குரிய டீசல்தான் வந்தது. அதுதான் அந்த ஒரு மூச்சு.

இத்தனை வருடம் என் கால் மிதித்ததெல்லாம் இந்த மயிரிழையைக் கேட்டுத்தான் நடந்திருக்கிறது. பன்வில மலையின் காற்று முழுவதும், பனியும் தேயிலை மணமும் மழை வாசமுமாக, இதைத் தொட்டுத் தொட்டு உள்ளே போயிருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு அந்தக் கம்பி மேல் இரக்கமாக இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டு மூட்டை எண்ணச் சொன்னது மாதிரி.

"ஐயா, அதத் தாங்கொ, நான் கழுவோணும்" என்றார் நானா.

ஏதோ ஒரு மருந்தை அதில் விசிறினார். எண்ணெய் பழுப்புத் துளிகளாக வடிந்து போனது. காய்ந்ததும் கம்பி பளிச்சென்றது. குழாயையும் பெட்டியையும் துடைத்து, புதிய வடிகட்டி வைத்து மூடினார். விளக்கை அழித்தார்.

"இது வேலை செய்யுமா தம்பி?" என்றாள் மனைவி.

"செய்யும். ஆனா நான் போன முறையும் அப்படித்தான் சொன்ன. ஏறிப் பாருங்கொ."

ஏறிப் பார்த்தோம். அன்றைக்கு வண்டி ஏறியதை நான் நம்பவில்லை. முதல் தடவையும் இப்படித்தான் ஏறியது. புதன்கிழமையும் ஏறியது. நம்பவில்லை. கவலைப்படுவதற்கு எனக்குக் காரணம் வேண்டியதில்லை என்று அவள் சொல்வாள். இப்போது காரணம் கைவசம் இருந்தது. புதன் காலை அவள் வழக்கம்போல எண்ணெயில் விரலைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டாள். நான் பொனட்டைத் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். சனிக்கிழமை காலை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே இருக்கையில் உட்கார்ந்து வந்தாள். சிறு வயதில் போலத் தோள்கள் இடித்துக்கொண்டன. மீற்றரையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அம்மாவோடு உள்ளே போனவள் முடியும்வரை வெளியே வரவில்லை.

திரும்பும்போது வத்தேகமவில் மாத்திரை வாங்க நிறுத்தினேன். ஏறப் போனால் அவள் சாரதிப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஓட்டுறேன்ப்பா. எனக்குத் தெரிஞ்சாகணும்."

அம்மா நடுவில், நான் ஓரத்தில். இந்தப் பாதையில் நான் ஓரத்தில் உட்கார்ந்து வருவது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. வளைவுகள் எல்லாம் வேறு பாதையின் வளைவுகளாக இருந்தன. என் பக்கத்துக் கண்ணாடியில் மிளகுக் கொடிகள் தொட்டுப் போயின. ஒரு வீட்டு முற்றத்தில் பெண்ணொருத்தி முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஓடையில் கால் வைத்து யாரோ பாத்திரம் கழுவினார்கள். எண்ண ஆரம்பித்து ஆறோ ஏழோ வந்ததும் விட்டுப்போனது.

கொண்டை ஊசி வளைவில் மேலேயிருந்து பஸ் இறங்கியது. மகள் ஒதுங்கி நிறுத்தினாள். பஸ் உரசாமல் போய்த் தீர்ந்தது. கியர் போட்டாள். என் வலது கால் தரையை அழுத்தியது. மூச்சைப் பிடித்தேன்.

வண்டி மூச்சைப் பிடிக்கவில்லை. சொன்னதும் எழுந்தது. வளைவைச் சுற்றி மேலே வந்துவிட்டது.

"என்னப்பா, நீங்களும் மிதிக்கிறீங்க?"

"கால் மரத்துப்போச்சு."

"அவரு வத்தேகமவில இருந்தே மிதிச்சிக்கிட்டுத்தான் வர்றாரு" என்றாள் மனைவி, கண்ணை மூடியபடி.

பனி வந்தது. முதலில் பாதையில் இழை இழையாகக் குறுக்கே போனது, பிறகு முழுவதும். மகள் விளக்கைப் போட்டு மெதுவாக்கினாள். மனைவி கண்ணைத் திறந்து, "அந்தக் கண்ணாடிய எறக்குங்க" என்றாள் என்னிடம். என் மடியின் மேல் குனிந்து முகத்தை வெளியே நீட்டினாள். பனி அவள் நெற்றியிலும் இமையிலும் முத்து முத்தாகக் கோத்தது. உதட்டை நாக்கால் ஒருமுறை தடவிக்கொண்டாள். இன்னொருமுறை. அவள் முகத்தில் அப்போது இருந்ததை என்னவென்று எழுத எனக்குத் தெரியவில்லை. வத்தளைக் குளியலறையில் இருந்ததற்கு நேர் எதிரானது என்று மட்டும் சொல்லலாம்.

மகள் வண்டியை இன்னும் மெதுவாக்கினாள். பார்க்காத மாதிரி பாதையைப் பார்த்தாள். பிறகு பாதையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தாள்.

"குளிரும்மா."

"குளிரட்டும்."

வண்டி வெள்ளைக்குள் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ எங்களைக் கீழேயிருந்து மெதுவாகத் தூக்கிக்கொண்டு போவது போல இருந்தது.

வீட்டு வாசலில் மனைவியை நான் கைபிடித்து இறக்கினேன். மகள் என்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அணைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மிளகுக் கொடிப் பக்கம் போனாள். கணவரிடம் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"நாளைக்கு நான் மட்டுந்தான் வர்றேன்... ஆமா, நான் மட்டும்... வண்டி நல்லாத்தான் இருக்கு, நானே ஓட்டிப் பார்த்தேன்... வந்து சொல்றேன்."

மனைவி கேட்காதவள் போலச் செருப்பைக் கழற்றினாள். கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்து, அடுப்படிப் பக்கம் திரும்பி, "ராத்திரிச் சோத்துக்கு மூணு பேருக்கு அரிசி போடுங்க" என்றாள்.